நல்ல நாள் நினைவுக்கு வராத நோய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மனச்சோர்வில் இருக்கும் ஒரு அம்மாவை வீட்டார் மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். "எதுக்கும் குறை வைக்கலை டாக்டர். பொண்ணு கல்யாணம் எவ்வளவு நல்லா நடந்துச்சு, அதையாவது நினைச்சுப் பார்க்கச் சொல்லுங்க" என்கிறார் கணவர். அந்த அம்மா தலை நிமிராமல், "எனக்கு எப்பவுமே கஷ்டம்தான்" என்கிறார். வீட்டாருக்குக் கோபம் வருகிறது. செய்ததையெல்லாம் மறந்துவிட்டாளே என்று ஆதங்கம். நினைத்துப் பார்க்கிற வேலையே அங்கு கெட்டுக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

1986-இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்ற இருவர், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி வாழ்வில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தைக் கேட்டார்கள். பலருக்கு ஒற்றைச் சம்பவம் பிடிபடவில்லை, பொதுப்படையாகவே பேசினார்கள். பின்னால் மனச்சோர்வு நோயாளிகளிடமும் இதே கண்டறியப்பட்டது. 'சந்தோஷம்' என்றால், "சின்ன வயசுல திருவிழாவுக்குப் போவோம்" என்பதோடு நின்றுவிடும். எந்தத் திருவிழா, யார் தோளில் உட்கார்ந்து பார்த்தது, எதுவும் வராது.

எங்கே, எப்போது, யாரோடு என்று சம்பவத்தைக் கோத்து வைப்பது மூளையின் இருபுறமும் இருக்கும் ஹிப்போகேம்பஸ். அதன் முன்னால் பாதாம்பருப்பு போல ஒட்டியிருக்கிறது அமிக்டலா; பயத்தையும் துக்கத்தையும் பார்த்ததும் விழித்துக்கொள்வது அது. மனச்சோர்வில் அமிக்டலா வேதனையான முகங்களைக் கண்டால் அளவுக்கு மீறித் துடிக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இவெட் ஷெலைன் என்ற ஆய்வாளர் 1996-இல், மனச்சோர்வு வந்து போனவர்களின் ஹிப்போகேம்பஸை அளந்தார். சிறுத்திருந்தது. மொத்தத்தில் எத்தனை காலம் நோயில் கிடந்தார்களோ அதற்கேற்பச் சிறுத்திருந்தது. நெடுநாள் மன நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம். விலங்குகளில் நீடித்த நெருக்கடி அங்குள்ள நரம்புக் கிளைகளைக் குறுக்குகிறது.

உடனே, "அப்போ ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது, காசை வீணாக்காதீர்கள். 1,728 நோயாளிகளையும் நோயில்லாத 7,199 பேரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் சராசரி வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. அதுவும் நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும், இளம் வயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் தெளிவாகத் தெரிந்தது. தனி ஒருவரின் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நினைவு மங்குவதற்கும் இந்தச் சுருக்கம் மட்டும் காரணமில்லை. ஒரே துயரத்தை மனம் ஓயாமல் அசைபோடுவதற்கும் பங்குண்டு.

ஆனால் ஷெலைன் 2003-இல் கண்டதை வீட்டார் கட்டாயம் கேட்க வேண்டும். சிறுத்தது, மருந்தில்லாமல் நோயில் கழிந்த நாட்களோடு பொருந்தியது. மருந்து எடுத்த நாட்களோடு பொருந்தவில்லை. நமது வீடுகளில் "மாத்திரை மூளையைக் கெடுக்கும்" என்று பயந்து தள்ளிப்போடுகிறார்களே, அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை "நல்லதை நினை" என்று நச்சரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஒரு நாளைச் சொல்லுங்கள்: அன்று பந்தியில் என்ன பரிமாறினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார், முகூர்த்தப் புடவை என்ன நிறம். தற்கொலைப் பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆபத்து உடனடி என்றால் நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.