குதிரையைப் பிரதமராக்கிய ஊர்!

தனி ராஜா, தனி பாஸ்போர்ட், பிரதமராக ஒரு குதிரை. கதை விடவில்லை. பிரிட்டனில், வேல்ஸின் கிழக்கு எல்லையில், வை ஆற்றங்கரையில் இருக்கும் ஹே-ஆன்-வை என்ற குட்டி ஊரில் 1977-இல் நடந்தது இது.

பழங்கதையை ஒரே ஓட்டமாக ஓடிவிடுவோம். நார்மன் பிரபுக்களின் கோட்டை, அதை ஒட்டி ஒரு சந்தை, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் தனித்தனிக் கட்டடங்கள். வியாழக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. முடிந்தது!

இனிதான் விஷயம். 1962-இன் முடிவோடு இந்த ஊருக்குப் பயணிகள் ரயில் நின்றுபோனது. அதே 1962-இல், ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்த ரிச்சர்ட் பூத் என்ற இளைஞர், இங்கிருந்த பழைய தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை திறக்கிறார். ரயிலே வராத ஊரில் யாரப்பா வாங்குவார்கள்? பூத் போட்ட கணக்கு வேறு: ஒரு கடை இருந்தால் உள்ளூர்க்காரர்கூட வரமாட்டார், ஊரே கடையானால் உலகம் வரும். அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களின் புத்தகங்களைக் கப்பலில் வரவழைத்தார். சினிமா தியேட்டர்கூடப் புத்தகக் கடையானது. என்னைக் கேட்டால், ஊர் நொடித்துக் கிடந்ததுதான் அவருடைய மூலதனம். பழைய புத்தகத்துக்கு வேண்டியது மலிவான இடம். அது அங்கே கொட்டிக் கிடந்தது.

அப்புறம் 1977 ஏப்ரல் 1. ஆமாம், முட்டாள்கள் தினம்! 'ஹே இனி சுதந்திர நாடு, நான்தான் ராஜா' என்று அறிவித்தார் பூத். ராஜ சின்னங்கள் எதில் செய்தவை தெரியுமா? தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்திலும் செப்புக் குழாயிலும்! நம் செங்கோல்களெல்லாம் தலைகுனிய வேண்டும். குதிரையைப் பிரதமராக்கினார், பாஸ்போர்ட் விற்றார், பிரபுப் பட்டமும் விற்றார். பத்திரிகைகள் ஓடி வந்தன. பைசா செலவில்லாத விளம்பரம்! கிறுக்கு என்று சிரித்தவர்களும் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

1988-இல் இலக்கிய விழா தொடங்கியது, 2001-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளிண்டனே வந்தார். இணைய விற்பனை வந்தபின் பழைய புத்தகக் கடைகள் குறைந்தன. ராஜா 2019-இல் காலமானார்.

கோட்டை வளாகத்தில் திறந்தவெளி அலமாரிகள் உண்டு. கடைக்காரர் கிடையாது, பிடித்ததை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட வேண்டியதுதான். உங்கள் ஊரில் இப்படி வைத்தால் முதலில் காணாமல் போவது புத்தகமா, பெட்டியா? கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள்.