ப்யூனி: ஒரு சொல், பல ஸ்பெல்லிங்

[திரையில்: பி-யு-ஐ-எஸ்-என்-இ]

நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் குழுவான உச்ச நீதிமன்றத்தின் கொலீஜியத்தில் தலைமை நீதிபதியோடு நான்கு மூத்த ‘ப்யூனி’ நீதிபதிகள் இருக்க வேண்டும் என்று 1998-இல் அந்த நீதிமன்றமே சொன்னது. இந்தச் சொல்லை அச்சில் பார்த்தால் ‘ப்யூஸ்ன்’ என்று வாசிக்கத் தோன்றும். ஆனால் நடுவில் நிற்கும் எஸ்ஸுக்கு ஓசை கிடையாது. நோஞ்சானைக் குறிக்கும் ‘ப்யூனி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே உச்சரிப்புதான். ஏனென்றால் இரண்டும் ஒரே சொல்.

பிறந்த ஊர் பழைய பிரெஞ்சு. ‘புயி’ என்றால் பிறகு, ‘நே’ என்றால் பிறந்த. பின்னால் பிறந்தவர், அவ்வளவுதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அப்புறம் அங்கே நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு புகுந்தது. நிலம் பெரும்பாலும் மூத்த மகனுக்கே போன காலம் அது. யார் மூத்தவர், யார் இளையவர் என்பதில்தான் வழக்கே நிற்கும். ஆகவே இந்தப் பெயரடைக்கு அங்கே நிறைய வேலை. பிறகு தலைமை நீதிபதிக்கு அடுத்த நிலையில் உள்ள நீதிபதிகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

[திரையில்: பி-யு-என்-வை]

16-ஆம் நூற்றாண்டில் சொல் வெளியே வந்தது. காதில் விழுந்தபடி எழுதினார்கள், எஸ் உதிர்ந்தது. பொருளும் சறுக்கியது: இளையவர், புதிதாகச் சேர்ந்த மாணவர், கத்துக்குட்டி, கடைசியில் நோஞ்சான்.

1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்தச் சறுக்கலை நடுவழியிலேயே பார்க்கலாம். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், குதிரையை ஒரு பக்கம் மட்டுமே குத்தி ஓட்டும் ஈட்டிவீரன் ஒருவன் பேச்சில் வருகிறான். அவனுக்குக் கொடுத்த அடைமொழி பி-யு-ஐ-எஸ்-என்-வை. நீதிமன்றத்து எஸ்ஸும் இருக்கிறது, தெருவின் வையும் இருக்கிறது. ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்திலோ, தன்னை எதிர்க்கும் குடிமகனை மன்னன் அற்பன் என்று சொல்வதும் இதே சொல்லால்தான்.

எனக்கு அந்தப் பழைய எஸ் மேல் மதிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் இளைய நீதிபதியை நோஞ்சான் நீதிபதி என்றல்லவா படிப்போம்!

பிரான்ஸ் அப்படி நினைக்கவில்லை. பிரெஞ்சு மொழியைக் கண்காணிக்கும் அமைப்பான அகாதெமி தன் 1740-ஆம் ஆண்டு அகராதியில், ஒலிக்காத எஸ்களைப் பெருமளவில் நீக்கி, உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி போன்ற குறியை வைத்தது. 1990-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இந்தச் சொல்லின் தொப்பியையும் கழற்றச் சொன்னார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க கனடாவின் உச்ச நீதிமன்றச் சட்டத்தைத் திறங்கள். எட்டு ‘ப்யூனி’ நீதிபதிகள் என்ற அதே வரி, ஆங்கிலத்தில் எஸ்ஸோடும் பிரெஞ்சில் தொப்பியோடும் இருக்கிறது.