டாக்டருக்கு இரண்டு நிமிடம், அம்மாவுக்கு ஒரு நோட்டு

வணக்கம் மக்களே. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் லாரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆலைக்குக் கரும்பு போகிறது. சர்க்கரை ஆலை ஊரில் உட்கார்ந்துகொண்டு சுகரைப் பற்றிப் பேசுகிறான் பார் என்று சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் சுகர் மாத்திரை இல்லாத வீட்டை எண்ணிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகச் சுகர். கூடவே போய் வரிசையில் நிற்கிறவன், அவ்வளவுதான்.

நாங்கள் போகிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு டாக்டர் இருக்கவேண்டும். ஒருவரை வேறு இடத்துக்கு டெபுடேஷன் போட்டுவிட்டார்கள். இருக்கிறவர் ஒருவரே காய்ச்சல், நாய்க்கடி, கர்ப்பிணி எல்லாம் பார்க்கவேண்டும். நம் முறை வரும்போது இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிற நாள். அம்மா விடியற்காலையில் வழக்கம்போல் சுகரைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். டோக்கன் எண் 74. லேப்பில் ரத்தம் எடுக்க ஒரே ஒரு ஆள். மணி பத்தரை ஆனது. பெஞ்சில் இருந்த அம்மாவின் கை நடுங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, ‘பேரு என்னம்மா’ என்று கேட்டால் முழிக்கிறார். என்.சி.டி. சிஸ்டர், அதாவது சுகர், பிரஷர் மாதிரித் தொற்றா நோய்களைப் பார்க்கிற நர்ஸ், ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார். 58. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கவைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். 96. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மயங்கிப்போனவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும், 108-க்குத்தான் கூப்பிடவேண்டும் என்றார்.

அன்றைக்குச் சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது: இந்த மாத்திரை சாப்பாட்டோடு போடுகிற மாத்திரை. ரத்தம் கொடுக்கிற நாளில் மாத்திரையையும் இட்லி டப்பாவையும் பையில் எடுத்துப் போகவேண்டும். ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட்டு, அப்போது போடவேண்டும். பதினோரு வருஷத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சரி, அடுத்தது. மாதாமாதம் பார்த்ததில் அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சுகர் 120, 125 என்றுதான் வரும். ‘நல்லா இருக்கும்மா, அதே மாத்திரை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எப்படி நல்லா இருக்காது? ரத்தம் கொடுக்கப் போவதற்கு முந்தைய இரண்டு நாள் ராத்திரி அம்மா ஒரு தோசையோடு எழுந்துவிடுவார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி! ஹெச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அதில் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அப்படியே தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஏழுக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள், வயதானவர்களுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அம்மாவுக்கு 9.1 வந்தது. நாங்களாகக் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

அதே நாளில் சிஸ்டர் காலையும் பார்த்தார். ஒரு மெல்லிய நைலான் இழை, அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துகிறார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ சொல்லவேண்டும். வலது கட்டைவிரலுக்குக் கீழே வைத்து அழுத்துகிறார், இழை வளைகிறது, அம்மா பேசாமல் இருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தால், சரியாக அதே இடத்தில் ஒரு கருவேல முள் உள்ளே ஏறி நிற்கிறது. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு நடந்தாரோ. நல்லவேளை, புண் ஆகவில்லை. இப்போது தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பது என் வேலை.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அலைச்சல் மிச்சம், மறுப்பதற்கில்லை. ஆனால் மாத்திரைதான் வந்துவிட்டதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. கண், சிறுநீரகம், கால் மூன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். மாத்திரை கொண்டுவருகிற அக்கா பையில் அதெல்லாம் வராது. கண்ணுக்கு நாங்கள் புதுச்சேரி பஸ் ஏறித் தவளக்குப்பத்தில் இறங்கி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள்.

அப்புறம் இந்த நோட்டு. கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். நாற்பது பக்க நோட்டுதான், பேத்தியுடையது, பின்பக்கம் காலியாக இருந்தது. ஒவ்வொரு தடவை போவதற்கும் ஒரே ஒரு பக்கம். மேலே மாத்திரை பேரும் அளவும். நடுவில் சுகர் அளவு, சாப்பிடும் முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. லோ ஆன நாளைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். கீழே இரண்டு கேள்வி, மூன்றாவது வேண்டாம். டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார், அந்தச் சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார், கிளிமிபிரைடைப் பாதியாக்கிவிட்டு வேறு ஒரு மாத்திரை சேர்த்தார். அதே இரண்டு நிமிடம்தான் ஆனது.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம். இதோ அந்தப் பக்கம். முதல் கேள்வி நான் எழுதியது, சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்டையும் இன்னொரு சுகர் மாத்திரையையும் பற்றி: ‘கிரியாட்டினின் எப்போது பார்த்தது? மெட்ஃபார்மின் அளவு இதேதானா?’ இரண்டாவது நான் எழுதியது இல்லை. பென்சில், கோணல் மாணலாக, அம்மா எழுத்து. ‘பண்ருட்டி பலா வந்துட்டுது. ரெண்டு சுளை?’