போய் போன் பண்றோம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். பேர் கெட்டுப்போன ஒரு படத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 2009இல் வந்த 'ஆல் அபவுட் ஸ்டீவ்'. சாண்ட்ரா புல்லக் நடித்து, தயாரிப்பிலும் பங்கெடுத்த காதல் நகைச்சுவைப் படம். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

கதை இதுதான். மேரி, செய்தித்தாளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள். வீட்டார் ஏற்பாட்டில் ஸ்டீவ் என்ற டிவி கேமராமேனைச் சந்திக்கிறாள். நம் ஊர்ப் பெண் பார்த்தல் மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததுமே அவளுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. அவனுக்கோ தப்பித்தால் போதும். அவசரமாக வெளியூர் போக வேண்டும், நீயும் கூட வர முடிந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்கிறான். அவள் அதை அப்படியே நம்பி, ஊர் ஊராக அவன் பின்னால் போகிறாள்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்றார்கள். மாப்பிள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அப்போது எனக்குப் பத்து வயது. கூடத்தில் இருந்த போன்மேல் அத்தை பூ வேலை செய்த துணி ஒன்று போர்த்தியிருக்கும். தினம் நாலைந்து முறை அந்தத் துணியை விலக்கி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, 'ங்ங்' என்ற சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, மெல்ல வைப்பார். லைன் செத்துக் கிடந்தால் அவர்கள் கூப்பிட்டும் கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலை. அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிச்சயமானது, இரண்டு மாதம் கழித்துப் பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

தொல்காப்பியம் சொல்லும் ஏழு திணைகளில் முதலாவது கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். எதிரில் இருப்பவரிடமிருந்து பதில் வராமலே, தான் சொல்லித் தானே இன்புறுவது அதன் குறிப்பு. மேரி செய்வதும் அதேதான். ஒரு முழுப் புதிரையும் ஸ்டீவைப் பற்றியே போட்டுக் கொடுத்துவிடுகிறாள். வேறு யாராலும் நிரப்ப முடியாத கட்டங்கள். வேலை போகிறது.

படம் அந்தக் கட்டங்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அவளுடைய சிவப்பு பூட்ஸையும் ஓயாத பேச்சையும் காட்டிச் சிரிக்கச் சொன்னது. ஸ்டீவுக்கு உன்மேல் உண்மையிலேயே ஆசை என்று அவளை உசுப்பிவிடும் நிருபர் ஒருவரும் உண்டு. அவரும் அங்கே வேடிக்கைதான். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். பொய் சொன்ன இரண்டு பேரையும் விட்டுவிட்டு, நம்பினவளைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் எப்படி?

2010 மார்ச் 6 அன்று இந்தப் படத்துக்காக, மோசமான நடிகைக்கான ராஸி விருதை சாண்ட்ரா புல்லக் நேரில் போய் வாங்கினார். படத்தின் டிவிடிகளை ஒரு வண்டியில் இழுத்து வந்து அங்கிருந்தவர்களிடம் கொடுத்து, ஒழுங்காகப் பார்க்கச் சொன்னார். மறுநாளே வேறொரு படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனாலும் என் மனதில் நிற்பது அந்த டிவிடி வண்டிதான்.

போன மாதம் அத்தையோடு உட்கார்ந்து இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஸ்டீவ் கிளம்பும் இடம் வந்தது. அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வரலன்னு அப்பவே சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல, அந்தப் பையன்" என்றார்.

வணக்கம்.