ட்ரில்லைத் தொடும் முன் மூன்று வரி

பல் மருத்துவ இறுதியாண்டு மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் வணக்கம்.

செய்த சிகிச்சைகளைப் பதியும் உங்கள் லாக் புக்கில் 'ரிஃப்ளெக்சன்' (திரும்பிப் பார்த்து எழுதுவது) என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் என்ன வருகிறது? "ஆழமான சொத்தை. பதற்றமாக இருந்தது. அடுத்த முறை கவனமாகச் செய்வேன்." கையெழுத்து வாங்க இது போதும், வேறெதற்கும் உதவாது. பல்லைத் திறந்து பார்த்தபின் எழுதுவதுதான் சிக்கல். முதலிலேயே அப்படித்தான் நினைத்தோம் என்று மனம் அடித்துச் சொல்லும். ஆகவே ட்ரில்லைத் தொடும் முன்பே கேஸ் ஷீட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன நினைக்கிறேன், பத்துக்கு எத்தனை உறுதி, எதைக் கண்டால் மாற்றிக்கொள்வேன்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று. குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி. எக்ஸ்ரேயில் சொத்தை, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் உள் கால்பங்கை எட்டியிருக்கிறது. பற்கூழ் (பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) வீக்கத்திலிருந்து மீளுமா, மீளாதா? கோல்ட் டெஸ்ட், அதாவது பல்லில் குளிர் வைத்துப் பார்க்கும் சோதனை, செய்கிறீர்கள். பல்லை உலர்த்தி, குளிர் ஸ்பிரேயைப் பஞ்சில் அடித்து, முதலில் எதிர்ப்பக்கத்து நல்ல பல்லில் வையுங்கள். சாதாரணக் கூச்சம் எப்படியிருக்கும் என்று நோயாளிக்கு அப்போதுதான் பிடிபடும். பிறகு சந்தேகப் பல். பஞ்சை எடுத்தபின் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 'கொஞ்ச நேரம்' என்று எழுதாதீர்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால் மீளும் பக்கம், 30 விநாடியைத் தாண்டினால் மீளாத பக்கம். 12 விநாடி நின்றால்? அங்கேதான் யோசிக்க வேலை இருக்கிறது.

இந்தச் சோதனை காட்டுவது நரம்பின் பதிலை. ரத்த ஓட்டத்தை அல்ல. வயதானவரின் கூழறை (கூழ் இருக்கும் உள்ளறை) சுருங்கியிருந்தால் உயிருள்ள பல்லிலும் கூச்சம் தெரியாது. பல வேர்ப் பல்லில் ஒரு வேரின் கூழ் அழுகியிருந்தாலும் மற்ற வேர் கூச்சம் காட்டும். எக்ஸ்ரேயையும் முழுதாக நம்ப முடியாது: எலும்பின் உள்பகுதி மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் படத்தில் தெரியாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் பெண்டரும் செல்ட்ஸரும் 1961இலேயே காட்டிவிட்டார்கள். எந்தச் சோதனையை நம்பினீர்கள், அது எங்கே ஏமாற்றும் என்பதையும் குறித்து வையுங்கள்.

மீளும் என்று முடிவெடுத்துப் பல்லைத் திறந்தபின், சுற்றுச் சுவர்களைக் கடினமான டென்டின் வரும்வரை சுத்தம் செய்யுங்கள். கூழுக்கு மேலே மட்டும் மென்மையான சொத்தையைக் கொஞ்சம் விட்டு மூடலாம். "முழுசாக எடுத்திருக்க வேண்டாமா?" என்று கை உறுத்தும். அந்த உறுத்தலில் இன்னொரு சுற்று சுரண்டப் போய்த்தான் பல கூழ்கள் திறந்துகொள்கின்றன.

நோயாளியிடம் அடைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அம்மா, நரம்பைக் காப்பாத்தப் பார்க்கிறோம். ராத்திரியில தானா வலிச்சா உடனே வாங்க, வேர் சிகிச்சை தேவைப்படலாம்." வலி வந்தபின் சொன்னால் சால்ஜாப்பாகத்தான் காதில் விழும்.

6 மாதத்திலும் ஓராண்டிலும் மறுபடி கோல்ட் டெஸ்ட், எக்ஸ்ரே எடுத்து, அந்த மூன்று வரிக்குக் கீழே நடந்ததை எழுதுங்கள். 'மீளும், பத்துக்கு எட்டு' என்று நீங்கள் போட்ட பற்களில் எத்தனையில் கூழ் உயிரோடு தப்பியது என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வராத நோயாளியை மட்டும் 'நலம்' கணக்கில் சேர்க்காதீர்கள். வேறெங்காவது போய் அந்தப் பல்லையே பிடுங்கியிருக்கலாம்.