நிலச் சட்டம் கொண்டு வந்த கௌரியம்மா ஏன் முதலமைச்சர் ஆகல?

[திரையில்: 1957, திருவனந்தபுரம்]

ஒரு பொண்ணை மந்திரியாக்கினா எந்த இலாகா கொடுப்பாங்க? சமூகநலம், மிஞ்சிப்போனா கலாசாரம், அதான வழக்கம். ஆனா 1957 ஏப்ரல்ல கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ் நம்பூதிரிபாட் தலைமையில கேரளாவோட முதல் மந்திரிசபை அமைஞ்சப்போ, 11 பேர்ல ஒரே பொண்ணான கே.ஆர்.கௌரியம்மாவுக்கு வருவாய்த்துறை. அதாவது நிலம். ஜென்மிங்களோட, அதாவது பெரிய நிலச்சுவான்தாருங்களோட நேருக்கு நேர் மோதுற வேலை!

சேர்த்தலை பக்கம் பட்டணக்காட்டுல 1919ல பொறந்தவங்க, ஈழவ சமுதாயத்துல வக்கீலுக்குப் படிச்ச முதல் பொண்ணு, 1948ல கம்யூனிஸ்ட் கட்சியில சேர்ந்து ஜெயிலுக்கெல்லாம் போயிட்டு வந்தவங்க, சும்மா விடுவாங்களா? பதவி ஏத்த ஒரே வாரத்துல குத்தகைக்காரங்கள நிலத்தை விட்டு வெளியேத்தக்கூடாதுன்னு அவசரச் சட்டம் வந்துடுச்சு. சட்டம் எழுதி முடிக்கிறதுக்குள்ள ஜென்மி ஆளைக் காலி பண்ணிட்டா அப்புறம் சட்டம் யாருக்கு? அதான் மொதல்ல அந்தக் கதவ அடைச்சாங்க.

1959 ஜூன்ல பெரிய நிலச் சீர்திருத்த மசோதா பாஸாச்சு, ஜூலை 31ல மத்திய அரசு ஆட்சிய கலைச்சிடுச்சு.

[திரையில்: 10 சென்ட்]

1967ல திரும்ப வருவாய்த்துறை. இதுக்கு நடுவுல கட்சி உடைஞ்சு, இவங்க சிபிஎம், புருஷன் டி.வி.தாமஸ் சிபிஐ, ஆனா ரெண்டு பேரும் ஒரே மந்திரிசபையில! 1969ல வந்த திருத்தச் சட்டப்படி அடுத்தவன் நிலத்துல குடிசை போட்டிருந்தவங்க, பஞ்சாயத்துப் பகுதின்னா 10 சென்ட் வரைக்கும் சொந்தமா வாங்கிக்கலாம், அதுவும் மார்க்கெட் விலையில கால்வாசிக்கு. இது அமலுக்கு வந்தது 1970 ஜனவரி 1, சிபிஐ ஆட்சியில, அதனால பேர் யாருக்குன்னு ரெண்டு கட்சிக்கும் இன்னும் சண்டை. என்னைக் கேட்டா அதவிட முக்கியமான விஷயம், தோட்ட எஸ்டேட்டுகளுக்கு நில உச்சவரம்பு கிடையாதுன்னு விட்டதுதான், நிறைய தலித், ஆதிவாசி குடும்பங்களுக்கு விவசாய நிலம் கிடைக்காமயே போச்சு.

1987 தேர்தல்ல கேரளாவ கௌரிதான் ஆளப்போறாங்கன்னு ஊரெல்லாம் கோஷம். ஜெயிச்சப்புறம் முதல்வர் ஆனது அதே கட்சியோட இ.கே.நாயனார், இவங்களுக்குத் தொழில்துறை. அனுபவத்துல என்ன குறைச்சலாம்? 2021ல 101 வயசுல இவங்க இறக்குற வரைக்கும் அந்த நாற்காலியில ஒரு பொண்ணு கூட உட்காரல.

1994ல கட்சியே இவங்கள நீக்கிடுச்சு. சரி வீட்ல உட்காருவாங்கன்னு பார்த்தா ஜே.எஸ்.எஸ் (ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி)னு தனிக்கட்சி! 1959ல இவங்க ஆட்சிய கலைக்கச் சொல்லி தெருவுல இறங்கின அதே காங்கிரஸோட கூட்டணி வெச்சு, 2001ல 81 வயசுல ஏ.கே.ஆண்டனி மந்திரிசபையில விவசாய மந்திரி. 2006ல தோத்ததுக்கப்புறம்தான் மந்திரி பதவி விட்டுப்போச்சு.