56 பிழை செய்த பையனை எங்கே வைப்பது?

நண்பர்களே, பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே ரூக்கி, சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிப்படியாக மைனர் லீக் அணிகள் உண்டு, அங்கே வளர்கிற பையன்களில் யார் தேறுவார்கள் என்று வருடாவருடம் வரிசை போடுவார்கள், அவ்வளவு தெரிந்தால் போதும். நாம் 1993 கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் இருந்த மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆள் பிரையன் டெய்லர், இடது கை பிட்சர், அதாவது பந்து எறிபவர். 1991 ட்ராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர், கையெழுத்துப் போட வாங்கியது 15.5 லட்சம் டாலர். பந்து பறக்கும். ஆனால் 1993-இல் டபுள் ஏயில் 163 இன்னிங்ஸில் 150 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பேட்ஸ்மேனை அடிக்கவே விடாமல் அவுட்டாக்குவது) செய்தவர், கூடவே 102 பேரை வாக்கில் (பந்தைத் தப்பான இடத்தில் போட்டு இலவசமாக முதல் பேஸுக்கு விடுவது) அனுப்பியும் இருக்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தாலே புரியும், வேகம் இருக்கிறது, பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை.

அடுத்தவர் டெரெக் ஜீட்டர், 1992 ட்ராஃப்டில் ஆறாவது. கிரீன்ஸ்பரோ என்ற சிங்கிள் ஏ அணியில் 1993-இல் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) நின்று, பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் ஒரே சீசனில் 56 பிழை! ஷார்ட்ஸ்டாப் வேலைக்கு இவர் சரிப்பட மாட்டார், அவுட்ஃபீல்டுக்கு மாற்றிவிடலாம் என்று கூடப் பேச்சு எழுந்தது. சரி, அதே சீசனில் அவருடைய பேட்டிங் சராசரி .295 (பத்து முறைக்கு ஏறக்குறைய மூன்று வெற்றிகரமான அடி, நல்ல கணக்கு), வயது 19 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பிழைகள் எப்படி வந்தன என்பதுதான் எனக்கு முக்கியம்: கால் சரியாக நிற்காமல் அவசரத்தில் எறிந்தது போன்றவை, அதாவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மாறக்கூடியவை. சீசன் முடிந்ததும் பிரையன் பட்டர்ஃபீல்ட் என்ற பயிற்சியாளர் ஃப்ளோரிடாவில் அவரைப் பிடித்து வைத்து ஃபீல்டிங் மட்டுமே பழக்கினார். 1994-இல் ஜீட்டர் மூன்று படி ஏறி .344 அடித்தார், 1996-இல் சிறந்த புதுமுகம்.

டெய்லருக்கு நடந்தது வேறு. 1993 டிசம்பரில் ஊரில் ஒரு கைகலப்பில் இடது தோள்பட்டை போய்விட்டது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வேகம் திரும்பவே இல்லை, மேஜர் லீக்கில் ஒரு பந்து கூடப் போடாமல் முடிந்தது. விபத்துதானே என்பீர்கள். ஆமாம், ஆனால் பிட்சர் விஷயத்தில் மொத்த முதலீடும் ஒரு தோளில், ஒரு முழங்கையில் இருக்கிறது. வரிசை போடும்போதே அதைக் கழித்துத்தான் போட வேண்டும்.

மூன்றாமவர் பனாமா மீனவர் வீட்டுப் பையன் மரியானோ ரிவேரா, இவரும் பிட்சர். 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதே வருடம் மார்லின்ஸ், ராக்கீஸ் என்ற புது அணிகள் மற்றவர்களிடமிருந்து ஆள் எடுத்தபோது யாங்கீஸ் இவரை ‘எடுக்கக் கூடாதவர்கள்’ பட்டியலில் போட்டுப் பாதுகாக்கவே இல்லை, அந்த இரண்டு அணிகளும் சீண்டவில்லை! 1995-இல் ட்ரிபிள் ஏயில் இருக்கும்போது திடீரென்று அவர் பந்து மணிக்கு 90 மைலைத் தாண்டி 95-ஐத் தொட்டது, மேலே அழைத்தார்கள், ஜூலை 4 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு எதிராக 11 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். பிற்பாடு 652 சேவ், அதாவது கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பாற்றிய ஆட்டங்கள். இதை யாங்கீஸின் தொலைநோக்கு என்று புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

1993 டிசம்பரில், அந்தக் கைகலப்புக்கு முந்தைய நாள் என்னை வரிசை போடச் சொன்னால் ஜீட்டர் முதலில், டெய்லர் அடுத்து. ரிவேராவைப் பத்தாவது இடத்தில்தான் வைத்திருப்பேன், அன்று கையில் இருந்த தகவலுக்கு அதுவே அதிகம்.